அத்தையின் தலையெழுத்து

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் கடலோரச் சாலையில் காற்று வாங்கிக்கொண்டு போவதுதான் வழக்கம். நான் உள்ளே தள்ளியிருக்கும் பழைய சாலையில் போனேன். வழியில் சிறுசேரியில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அதில் எனக்குத் தனி அக்கறை உண்டு. என் பாட்டனாருக்குச் சர்க்கரை வியாதி, அப்பாவுக்கும் அப்படியே, செங்கற்பட்டில் இருக்கும் அத்தைக்கும் வந்துவிட்டது. வரிசைப்படி அடுத்தது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

மாமல்லபுரத்தில் பத்திரிகை வேலையை முடித்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாக அத்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அத்தை மாத்திரையையும் நிறுத்தியிருந்தாள், பரிசோதனையையும் நிறுத்தியிருந்தாள்!

"எல்லாம் தலையெழுத்து, அம்மா! பரம்பரையாக வந்தது, ரத்தத்தைக் குத்திப் பார்த்தால் போய்விடுமா?" என்றாள்.

எனக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. ஞாபகம் வந்தது. பெயரைக் கண்டு பயந்துவிடாதீர்கள், சகோதரிகளே! நம் உயிரணுக்களுக்குள் பரம்பரைச் சமையற்குறிப்புப் புத்தகம் ஒன்று இருக்கிறது. புத்தகம் பெட்டியை விட்டு வெளியே வராது. வேண்டிய பக்கத்தை நகலெடுத்த துண்டுச் சீட்டுத்தான் சமையற்கட்டுக்குப் போகும். அந்தச் சீட்டின் மேல் ஒட்டிக்கொண்டு, "போதும், நிறுத்து!" என்று சொல்லும் துணுக்குதான் மைக்ரோ ஆர்.என்.ஏ. நீளம் சுமார் 22 எழுத்து. 1993-இல் ஒரு மில்லிமீட்டர்ப் புழுவிடம் இதைக் கண்டறிந்த அம்ப்ரோஸ், ரவ்குன் இருவருக்கும் 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா அணுக்களிலும் இத்துணுக்குகள் உண்டு. அவற்றில் ஒன்றுக்கு 375 என்று எண். 2004-இல் விஞ்ஞானிகள் அதை மிகுதியாக்கிப் பார்த்தார்கள். இன்சுலின் வெளிவருவது குறைந்தது. அப்படியானால் அதை அடியோடு ஒழித்துவிடலாமே? 2009-இல் அது அறவே இல்லாத எலிகளைப் பார்த்தார்கள். பீட்டா அணுக்களே குறைந்து, ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது!

"ரசத்துக்கு உப்பு மாதிரி என்று சொல்லேன்!" என்றாள் அத்தை. எந்தப் பேராசிரியரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

"சரி, இதற்கு மாத்திரை உண்டா?"

"இன்னும் வரவில்லை, அத்தை."

"பின்னே, எனக்கு எதற்கு இந்தக் கதை?"

நியாயமான கேள்விதான். "புத்தகம் மாறாது, அத்தை. ஆனால் துணுக்குகளின் அளவு மாறும். நம் சென்னை நிறுவனத்தாரே 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவுக்காரர்களின் ரத்த வெள்ளை அணுக்களில் 146ஏ என்ற துணுக்கு குறைந்திருந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அழற்சியை அடக்கிவைக்கிற துணுக்கு அது. எழுதியதெல்லாம் அப்படியே சமையலாகிவிடுவதில்லை" என்றேன்.

அத்தை மசியவில்லை. விஞ்ஞானத்தை மூட்டை கட்டிவிட்டுச் சூணாம்பேட்டுக் கதையை எடுத்தேன். இதே செங்கற்பட்டுச் சீமைதான். 2006-இல் அந்த நிறுவனத்தார் அங்கே ஒரு வண்டியைக் கொண்டு போனார்கள். 42 கிராமங்களில் 23,000-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பரிசோதனை நடந்தது. வண்டிக்குள்ளேயே கண்ணைப் படம் பிடித்து, செயற்கைக்கோள் வழியாகச் சென்னை டாக்டர்களுக்கு அனுப்பினார்கள். சர்க்கரை முதலில் கண்ணைத்தான் கெடுத்துவிடுமோ என்று பல பேருக்குக் கவலை.

"கண் கூடவா போகும்?" அத்தையின் குரல் இறங்கிவிட்டது. தொடர்கதை படிக்கிற கண் அல்லவா!

சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நீயும் குத்திக்கொள்வதாக இருந்தால் வருகிறேன்" என்றாள்.

மறுநாள் காலை வெறும் வயிற்றோடு இருவரும் புறப்பட்டோம். காப்பி குடிக்காத அத்தையோடு நான் நடந்த தூரம் அரை மைல்தான்; ஆனால் வழியெல்லாம் என் பாட்டனாருக்குக் கிடைத்த வசவு இருக்கிறதே!