கட்டைக் கழுத்தா, ஒல்லிக் கழுத்தா... உங்கள் கைக்கு எந்த கிட்டார்?

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கக் கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தை. அடுத்து பிராண்டு, அதற்கடுத்து விலைச்சீட்டு. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் பிக்அப் எத்தனை, என்ன வகை என்று கேட்பார்கள். இடது கை மணிக்கணக்கில் பிடித்திருக்கப் போகிற அந்த நீளமான மரத்துண்டை, அதாவது நெக்கை, பலரும் கண்டுகொள்வதே இல்லை. செருப்பு வாங்கும்போதுகூடக் காலை நுழைத்து நாலடி நடந்து பார்த்துவிட்டுத்தான் காசை எடுக்கிறோம். முப்பதாயிரம் ரூபாய் கிட்டாரைச் சுவரில் தொங்கும்போதே பிடித்துப்போய் வாங்கிவிடுகிறார்கள்.

தூத்துக்குடியில் ஒரு டீச்சருக்கு நடந்தது இதுதான். வயது 44. காலேஜ் நாட்களில் சர்ச் கொயரில் அக்கூஸ்டிக் கிட்டார் வாசித்தவர். கல்யாணம், வேலை, இரண்டு பிள்ளைகள் என்று ஆனபிறகு கிட்டார் பரண் ஏறியது. மூத்த மகள் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு, டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போனார். கடைப் பையன் அவர் கையைப் பார்த்தான்.

"அக்கா, உங்களுக்குச் சின்னக் கை. ஒல்லி நெக்கா எடுங்க. கை வலிக்காம வாசிக்கலாம்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வாங்கினார். மூன்றே வாரத்தில் இடது கட்டைவிரலின் அடிச்சதை வலிக்கத் தொடங்கியது. முதலில் வாசிக்கும்போது மட்டும். பிறகு துணி பிழியும்போது, பாட்டில் மூடி திறக்கும்போது. 'வயசாயிட்டு, இனிமே இதெல்லாம் நமக்கு எதுக்கு' என்று கிட்டாரை உறையில் போட்டு மூடிவிட்டார். அதை விற்றுத்தர முடியுமா என்று கேட்கத்தான், மெல்லிசைக் குழுவில் முப்பது வருடம் கிட்டார் வாசித்து ஓய்ந்த ஒரு மாஸ்டரிடம் போனார்.

"விக்கலாம் டீச்சர். அதுக்கு முன்னால ஒரு பாட்டு வாசிங்க, பாப்போம்" என்றார் மாஸ்டர். பாதிப் பாட்டில் நிறுத்தச் சொன்னார். "நீங்க நெக்கைப் பிடிக்கல. கிள்ளுறீங்க."

உடனே நெக்கைக் குற்றம் சொல்லிவிடவில்லை அவர். நல்ல வாத்தியக்காரருக்கு அடையாளம் அதுதான். முதலில் ஸ்டிரிங் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்தார். 12-வது ஃபிரெட்டின் மேல் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் இருந்தது. எலெக்ட்ரிக் கிட்டாரில் அது 2 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தாலே போதும். உயரம் கூடக் கூட அழுத்தமும் கூடும், வலியும் கூடும். புதுக் கிட்டார்கள் பல கடையில் செட்டப் செய்யப்படாமலேயே கைமாறுகின்றன. பழி நெக்கின் மேல் விழுகிறது. உயரத்தைக் குறைத்து, ஸ்டிரிங்கையும் மெல்லியதாக மாற்றிக் கொடுத்தார். வலி பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி போகவில்லை.

அடுத்த முறை போனபோது மாஸ்டர் தன்னுடைய பழைய கிட்டாரை எடுத்து டீச்சர் மடியில் வைத்தார். கட்டை நெக். 'உலக்கை மாதிரி இருக்கே' என்றுதான் டீச்சருக்குத் தோன்றியது. முதல் பத்து நிமிடம் கை எங்கே போவதென்று தெரியாமல் தடுமாறியது. அரைமணி நேரம் கழித்து மாஸ்டரின் மனைவி காபி கொண்டுவந்தபோதுதான் வாசிப்பதை நிறுத்தினார். கட்டைவிரல் வலிக்கவில்லை.

சின்னக் கைக்குப் பெரிய நெக் எப்படிப் பொருந்தும்? ஒரு பென்சிலையும் ஒரு சப்பாத்திக் கட்டையையும் மாறி மாறி ஐந்து நிமிடம் இறுகப் பிடித்துப் பாருங்கள். பென்சிலைப் பிடிக்கும்போது உள்ளங்கை வெறுமையாக நிற்கிறது, விரல் நுனிகளும் கட்டைவிரலுமே எல்லா வேலையையும் செய்கின்றன. சப்பாத்திக் கட்டையில் உள்ளங்கையும் சேர்ந்து தாங்குகிறது. கட்டைவிரலை நெக்கின் மேல்விளிம்புக்கு மேலே கொண்டுவந்து பிடிக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். கொயரில் நின்றுகொண்டே கார்டு வாசித்துப் பழகிய டீச்சரின் பிடி அப்படிப்பட்டதுதான். கட்டைவிரலை நெக்கின் முதுகில், நடுவில் வைத்து, விரல்களை வில்லாக வளைத்து வாசிக்கிறவர்களுக்கு ஒல்லி நெக்கே வசதி. ஆகவே முதல் கேள்வி கை பெரிதா சிறிதா என்பதல்ல. கட்டைவிரல் எங்கே நிற்கிறது?

விரல் குட்டையானவர்களுக்குச் சிரமம் தருவது பெரும்பாலும் கனம் அல்ல, அகலமும் நீளமும்தான். நெக் தொடங்கும் இடத்தில் ஸ்டிரிங்குகள் படியும் சின்னத் துண்டுக்கு நட் என்று பெயர். அதன் அகலம் ஃபெண்டர் கிட்டார்களில் சுமார் 42 மில்லிமீட்டர், கிப்ஸனில் சுமார் 43. இன்னொன்று ஸ்கேல், அதாவது ஸ்டிரிங்கின் அதிரும் நீளம். ஃபெண்டரில் 25.5 அங்குலம், கிப்ஸனில் சுமார் 24.75 அங்குலம். நீளம் குறைந்தால் ஃபிரெட்டுகள் கொஞ்சம் நெருங்கி வரும், ஸ்டிரிங்கும் கொஞ்சம் தளரும். நான்காவது விரல் எட்டவில்லை என்று தவிக்கிறவர்கள் பார்க்க வேண்டியது இந்த இரண்டு எண்களையும்தான். கடைப் பையன் இதைக் கேட்டிருந்தால் டீச்சருக்கு மூன்று வார வலி மிச்சம்.

கனத்துக்கு வருவோம். மாஸ்டர், லேத் பட்டறை நண்பரிடம் வெர்னியர் காலிபரை இரவல் வாங்கி, ஸ்டிரிங் மாற்றும் நேரம் பார்த்து இரண்டு கிட்டாரையும் அளந்தார். ஃபிரெட்போர்டையும் சேர்த்து, முதல் ஃபிரெட் அருகே ஓர் அளவு, 12-வது ஃபிரெட் அருகே ஓர் அளவு. நெக்கின் கனத்தைச் சொல்லும் வழக்கமான முறை இதுதான். டீச்சரின் கிட்டார் 18, 20 மில்லிமீட்டர். மாஸ்டருடையது 23, 25. வித்தியாசம் 5 மில்லிமீட்டர்தான். கையில் பிடித்தால் இரண்டும் வேறு வேறு வாத்தியம். பழகிய கை ஒரே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தைக்கூடக் கண்டுபிடித்துவிடும்.

இந்த இரண்டு கோடியிலும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் ஃபெண்டர் கம்பெனி கலிஃபோர்னியாவில் செய்த கிட்டார்களின் நெக் நல்ல கட்டை. அந்தப் பத்தாண்டின் நடுவில் முதுகில் முகடு தெரியும் 'வி' வடிவம் வந்தது. 1960-களில் அது உருண்டு மெலிந்தது. வடிவத்தை இறுதி செய்தது மனிதக் கை என்பதால், ஒரே வருடத்தில் செய்த இரண்டு கிட்டார்கள்கூட அச்சாக ஒன்றுபோல இருக்காது. அங்கே வேலை பார்த்த டாடியோ கோமெஸ் என்ற தொழிலாளி, தான் செதுக்கிய நெக்கின் அடியில் தேதியையும் தன் பெயரின் முதல் எழுத்துகளையும் பென்சிலால் எழுதி வைப்பார். அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்தால் இன்று சேகரிப்பாளர்களுக்குக் கண் விரிகிறது.

கிப்ஸனின் லெஸ் பால் கிட்டாரில் 1959-ம் வருடத்து நெக் உருண்டு திரண்டது, 1960-ல் மெலிந்துபோனது. அதனால் 'ஐம்பத்தொன்பது நெக்', 'அறுபது நெக்' என்று வருடத்தையே வடிவத்தின் பெயராகச் சொல்கிறார்கள். பிறகு 1980-களில் வேகம்தான் எல்லாம் என்று ஒரு காலம் வந்தது. ஜப்பானின் ஐபனீஸ் கம்பெனி 'விசார்ட்' என்ற பெயரில் மிக ஒல்லியான நெக்குகளைக் கொண்டுவந்தது. அந்தக் குடும்பத்தில் 'சூப்பர் விசார்ட்' என்ற வகை முதல் ஃபிரெட்டில் 17 மில்லிமீட்டர்தான். மின்னல் வேகத்தில் ஓடுகிற விரல்களுக்கு அது சரி. அந்த வேகத்தைப் பார்த்துத்தான் 'ஒல்லி என்றால் சுலபம்' என்ற எண்ணம் வேரூன்றிவிட்டதோ என்னவோ.

கனம் ஒன்றாக இருந்தாலும் வடிவம் மாறலாம். நெக்கைக் குறுக்கே அறுத்துப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதுகு அரைவட்டமாக வளைந்திருந்தால் 'சி'. முதுகு தட்டையாகி ஓரங்கள் தடித்தால் 'டி'. நல்ல உயரமும் சதைப்பிடிப்பான ஓரமும் சேர்ந்தால் 'யூ'. நடுவில் முகடு எழுந்தால் 'வி'. எல்லாம் ஆங்கில எழுத்துகளின் உருவம்தான். கையை உறுத்துவது பெரும்பாலும் இந்த ஓரங்கள்தான், தோள் என்பார்கள். ஒரே 22 மில்லிமீட்டர், தோள் சரிந்திருந்தால் மெல்லியதாகத் தோன்றும், தோள் திரண்டிருந்தால் தடியாகத் தோன்றும். கம்பெனி இணையதளத்தில் எண்ணை மட்டும் பார்த்து ஆர்டர் போடுகிறவர்கள் ஏமாறும் இடம் இது. எரிக் கிளாப்டன் பெயரில் ஃபெண்டர் விற்கும் கிட்டாரில் இருப்பது மென்மையான 'வி'. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் அந்த முகடு உட்கார்ந்துகொள்ளும்.

பழைய கிட்டார் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1960, 70-களின் ஃபெண்டர் நெக்குகளின் அடியில் ஏ, பி, சி, டி என்று முத்திரை இருக்கும். அது வடிவம் அல்ல, நட்டின் அகலத்தைக் குறிக்கும் எழுத்து. இது தெரியாமல் 'சி நெக்' என்று விற்கிறவர்கள் உண்டு.

ஃபிரெட்போர்டின் மேற்பரப்பிலும் ஒரு வளைவு இருக்கிறது. பழைய ஃபெண்டரில் அதன் ஆரம் 7.25 அங்குலம், நன்றாகவே வளைந்தது. கிப்ஸனில் 12 அங்குலம். எண் பெரிதானால் பரப்பு தட்டை. வளைந்த பரப்பில் ஒரு விரலால் ஆறு ஸ்டிரிங்கையும் அழுத்தும் பார் கார்டு சுகமாக விழும். கமகம் மாதிரி ஸ்டிரிங்கைப் பக்கவாட்டில் இழுத்து வாசிக்க நினைப்பவர்களுக்குத் தட்டைப் பரப்புதான் தோது. வளைவு அதிகமாக, ஸ்டிரிங்கும் தாழ்வாக இருந்தால், இழுக்கும்போது நாதம் பாதியிலேயே செத்துவிடும்.

கடற்கரை ஊர்க்காரர்கள் கவனிக்க இன்னொரு சங்கதி, பாலிஷ். வேர்க்கிற கைக்குப் பளபளப்பான நெக் பிசுபிசுக்கும். கை வழுக்காமல் ஒட்டி ஒட்டி நகர்வதை 'நெக் தடியா இருக்கு' என்று தப்பாகப் புரிந்துகொள்வதும் உண்டு. மங்கலான சாட்டின் பாலிஷ் இந்தத் தொல்லையைக் குறைக்கும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் நெக்கின் முதுகை மட்டும் மெதுவாகத் தேய்த்துப் பளபளப்பைக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் போன பளபளப்பு திரும்பாது. விற்கும்போது விலையும் குறையும். நெக்கையே சீவி ஒல்லியாக்குவது அதைவிடப் பெரிய விஷப்பரீட்சை. உள்ளே ட்ரஸ் ராட் என்ற இரும்புக்கம்பி ஓடுகிறது. கைதேர்ந்த கிட்டார் ஆசாரி தவிர வேறு யாரும் அதில் உளியை வைக்கக் கூடாது.

கருவியைக் கைக்கேற்ப மாற்றிக்கொள்வது ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. பிளாக் சாபத் இசைக்குழுவின் டோனி ஐயோமி, 17 வயதில் பர்மிங்ஹாம் தொழிற்சாலை ஒன்றில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடது கைப் பழக்கக்காரர் என்பதால் ஃபிரெட்டில் அழுத்தவேண்டிய கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார், மெல்லிய ஸ்டிரிங்குகளுக்கு மாறினார், பின்னாளில் சுருதியையும் இறக்கினார். ஹெவி மெட்டலின் அந்தக் கனத்த ஓசை உருவானதில் அதற்கும் பங்கு உண்டு.

டீச்சர் இரண்டாவது முறை கிட்டார் தேடியபோது, மாஸ்டர் சொன்ன எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டார். முதல் ஃபிரெட்டில் 22-க்குக் குறையக் கூடாது. தோள் சரிந்த 'சி' அல்லது மென்மையான 'வி'. ஸ்கேல் சிறியது. இந்தமுறை செகண்ட் ஹேண்டு. விற்றவர் ஆம்ப்ளிஃபயரில் மாட்டிக்காட்ட வந்தபோது, "அது கடைசியில பாத்துக்கலாம் தம்பி" என்று சொல்லிவிட்டு, வயரே இல்லாமல் உட்கார்ந்து இருபது நிமிடம் வாசித்தார். முதல் மூன்று ஃபிரெட்டில் எஃப் கார்டு, 12-க்கு மேலே ஒரு மெட்டு, பிறகு பெல்ட்டை மாட்டி எழுந்து நின்றுகொண்டு அதே பாட்டு. உட்கார்ந்திருக்கும்போது சுகமாக இருக்கும் நெக், நின்றால் மணிக்கட்டை மடக்கச் சொல்லும். பெல்ட்டை இரண்டு துளை ஏற்றியதும் அதுவும் சரியானது. ஐந்து நிமிடம் கையை ஆறவிட்டு மறுபடி வாசித்தார். வலி வருவதாக இருந்தால் அப்போதுதான் வரும் என்று மாஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார். விரல் மரத்துப்போனால், அல்லது வாசிப்பதை நிறுத்தியும் வலி நாள்கணக்கில் நீடித்தால், எந்த நெக்கும் மருந்தாகாது, டாக்டரைப் பாருங்கள் என்றும் சொல்லியிருந்தார்.

பழைய ஒல்லி நெக் கிட்டாரை விற்கவில்லை. மகள் எடுத்துக்கொண்டாள். கட்டைவிரலை முதுகில் வைத்து, காதில் ஹெட்போனோடு, ராத்திரி பத்து மணி வரைக்கும் அதிலேயே கிடக்கிறாள். ஒருநாள் அம்மாவின் கிட்டாரை வாங்கி இரண்டு நிமிடம் வாசித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"எப்படிம்மா இதைப் பிடிக்கிறே? எனக்குக் கை வலிக்கு."