செவியற்ற பொறி

தான் ஆக்கிய பொருள் எண்ணியபடி இயங்கக்கண்டு மகிழ்தல் ஆக்கியோன் இயல்பு. ஜோசப் வைசன்பாமுக்கோ அவ்வெற்றியே வாழ்நாட் கவலையாயிற்று.

1923இல் பேர்லினில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த அவர், 1936இல் நாசி ஆட்சிக்குத் தப்பிக் குடும்பத்தோடு அமெரிக்கா சென்றவர். மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திற் பணியாற்றிய காலத்தில், மனிதரோடு உரையாடும் கணனி நிரலொன்றை எழுதி, 1966இல் அதுபற்றிய கட்டுரையை வெளியிட்டார். பேர்னாட் ஷோவின் 'பிக்மேலியன்' நாடகத் தலைவியின் பெயரால் அது 'எலைசா' எனப்பட்டது.

உளமருத்துவரைப்போல அது வினாவிற்று. அதன் உபாயம் மிக எளிது. எதிரிலிருப்பவர் தட்டச்சிடும் வாக்கியத்திற் குறித்த சில சொற்களைத் தேடும். 'நான்' என்பதை 'நீங்கள்' என மாற்றி, அவர் கூற்றையே வினாவாக்கித் திருப்பும். தாயைப் பற்றிப் பேசினால் குடும்பத்தைப் பற்றி மேலும் கேட்கும். சொல்லொன்றும் அகப்படாவிடின், தொடர்ந்து பேசுமாறு கூறும். பொருளுணர்தல் என்பது அதனிடம் சிறிதும் இல்லை.

அதன் ஆக்கத்தைப் பல மாதங்களாக அருகிருந்து கண்டவர் வைசன்பாமின் செயலாளர். அது வெறும் நிரலே என்பதை அவர் நன்கறிவார். ஆயினும் அதனோடு உரையாட அமர்ந்த அப்பெண், சில வாக்கியங்கள் கடந்ததும், வைசன்பாமை அறையை விட்டு வெளியே செல்லுமாறு வேண்டினார். பிறிதொருகால், எலைசாவோடு பலரும் நிகழ்த்தும் உரையாடல்களைத் தாம் பார்வையிட வழிசெய்யலாம் என வைசன்பாம் முன்மொழிந்தார். அது பிறர் அந்தரங்கத்தை வேவு பார்ப்பதாகும் என்ற கண்டனம் உடனே எழுந்தது.

வெளியே அனுப்பப்பட்டவர், கேட்டு விளங்கிக்கொள்ளக்கூடிய மனிதர்; உள்ளே இருக்க விடப்பட்டது, எதையும் விளங்காத பொறி. நாணமும் அச்சமும் மனிதர் முன்னிலையிலேயே தோன்றுகின்றன. ஆதலாற்போலும், செவியற்றதன் முன் நெஞ்சம் எளிதில் திறந்துகொள்கிறது. ஆனால் அங்கே பெறப்படும் ஆறுதல், தன் குரலையே எதிரொலியாகக் கேட்கும் ஆறுதல். வைசன்பாமை உறுத்தியது இதுவே. கணனியாற் செய்ய இயலுமாயினும் அதனிடம் ஒப்படைக்கத் தகாத பணிகள் உண்டென 1976இல் வெளிவந்த தம் நூலில் அவர் வாதிட்டார். 2008இல் அவர் மறைந்தார்.

எலைசாவின் மூலநிரல் 2021இல் அவருடைய பழைய ஆவணங்களிடையே கண்டெடுக்கப்பட்டு, 2024 டிசெம்பரில் மீண்டும் இயக்கப்பட்டது. அதனினும் பன்மடங்கு வல்ல உரையாடற் பொறியை இன்று மாணவர் ஒருவர் தம் வீட்டுக் கணனியிலேயே நிறுவி நண்பர்க்குத் திறந்துவிடலாம். முதல்நாளில் அது ஒழுங்காக விடையளிக்கிறதா என்றே எவரும் சோதிப்பர். அதன்முன் யார் எதைச் சொல்ல நேரும், அச்சொற்கள் எவர் கண்ணிற் படும் என்பனவும் அந்நாளிலேயே வினவத்தக்கவை. அவ்வினாக்களுக்குப் பொறி விடை கூறாது. அதை இயக்குபவரே கூறல் வேண்டும்.