ஒலிநாடாவில் அம்மாவின் செபமாலை

பழைய ஒலிநாடாக்கள் இன்றும் பல இல்லங்களின் அலமாரிகளில் உறங்குகின்றன. அவற்றை ஒலிக்கச் செய்யும் கருவிகள்தாம் அருகிவிட்டன, பழுதுபார்ப்போரும் குறைந்துவிட்டனர். நாடாவில் உள்ளதைக் கணினிக்கு மாற்றிவிட வேண்டும் என்று பலரும் எண்ணுகிறோம், பின்பு நாளைக்கு என்று விட்டுவிடுகிறோம். எங்கள் குடும்பத்தில் அவ்வாறு விட இயலாத நிலை ஏற்பட்டது. கண்பார்வை மங்கிப்போன என் அக்கா, அம்மாவின் குரலை ஒருமுறையேனும் கேட்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். 1987-ஆம் ஆண்டு செபமாலை மாதத்தில் வீட்டில் பதிவுசெய்த ஒரே ஒரு நாடா என்னிடம் இருந்தது. அம்மாவின் குரல் வேறெங்கும் இல்லை.

இந்நாடாப் பேழையைப் பிலிப்ஸ் நிறுவனம் 1963-ஆம் ஆண்டு பெர்லினில் அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாடு பற்றிய ஏட்டைத் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்டார். அதன் பயனாகத் திருப்பலியில் தாய்மொழிக்கு இடம் கிடைத்தது. நாளடைவில் நம் செபங்களின் தமிழும் புதுப்பிக்கப்பட்டது. சர்வேசுரன் என்ற இடத்தில் இறைவன் என்றோம். இஸ்பிரீத்து சாந்து என்ற இடத்தில் தூய ஆவி என்றோம். பிரியதத்த மந்திரம் 'அருள் நிறைந்த மரியே' ஆயிற்று. மாற்றம் நல்லதே, பொருள் விளங்கிச் செபிக்கக் கற்றோம். ஆனால் அம்மா கோவிலில் புதிய சொற்களையும் வீட்டில் பழைய சொற்களையும் வழங்கி வந்தார். அவர் தம் தாயிடம் கற்றவை அவை. அச்சொற்கள் எங்கள் குடும்பத்தில் இப்போது அந்த நாடாவில் மட்டுமே ஒலிக்கின்றன.

அக்காவின் மகன் கணினி அறிந்தவன். அவனும் நானும் ஒரு ஞாயிறு பிற்பகலில் அமர்ந்தோம். பேழையைத் திருப்பிப் பார்த்தபோது, நாடாவை ஒலிமுனையோடு அழுத்தி வைக்கும் சிறு கம்பளித் துண்டு பசை காய்ந்து உதிர்ந்திருந்தது. அது இல்லாவிடில் குரல் மங்கி மங்கி எழும். திருகாணிகளைக் கழற்றி, நாடாச் சுருள்களை மட்டும் வேறொரு நல்ல பேழைக்கு மாற்றினோம். வியர்வை படிந்த விரல் நாடாவைத் தொடாதிருக்க நான் பட்ட பாடு சொல்லி முடியாது! ஒலிமுனையை ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடைத்தோம். நாடாவை முழுவதும் முன்னோக்கிச் சுற்றி, மீண்டும் பின்னோக்கிச் சுற்றினோம். ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கிடந்த சுற்றுகள் தளர்ந்தன.

மேசைக் கணினியின் ஒலி அட்டையில் பொதுவாக மூன்று துளைகள் இருக்கும். பச்சை ஒலிபெருக்கிக்கு, இளஞ்சிவப்பு மைக்கிற்கு, நீலம் வெளிக்கருவியின் ஒலியை உள்வாங்குவதற்கு. டேப்ரெக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து வரும் கம்பியை நீலத் துளையில்தான் செருக வேண்டும். மைக்கின் துளை ஒரு வோல்ட்டில் சில ஆயிரத்தில் ஒரு பங்கான மெல்லிய அலைகளை எதிர்பார்த்து, அவற்றைப் பன்மடங்கு பெருக்கிக்கொள்வது. வலிய ஒலியை அதற்குள் செலுத்தினால் குரல் கரகரத்துச் சிதையும். மடிக்கணினிகளில் பெரும்பாலும் நீலத் துளை இருப்பதில்லை. யுஎஸ்பி வழியே இணையும் சிறு பெட்டியொன்று வாங்க வேண்டியிருக்கும்.

இணைத்தவுடன் 'ம்' என்றொரு ரீங்காரம் கேட்டது. மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு அது. டேப்ரெக்கார்டரை மின்கலங்களால் இயக்கியதும் அடங்கிவிட்டது. ஒலியளவைச் சற்றுக் குறைத்தே வைத்தோம். நாடா அளவு மீறிய ஒலியை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கணினியோ எல்லை தாண்டியதை அப்படியே வெட்டிவிடும், பின்பு மீட்க வழியில்லை.

நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகர்கிறது. அந்த ஒவ்வொரு நொடியையும் கணினி 44,100 முறை அளந்து எண்ணாக்கிக்கொள்கிறது. இத்தனை விரைந்த கருவியாயினும், அரை மணி நேரச் செபமாலையைப் பதிய அரை மணி நேரம் ஆகியே தீரும். இதில் எனக்கு மகிழ்ச்சியே. இருவரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். அம்மா தொடங்க, 1991-இல் இறந்துபோன அப்பாவின் குரல் பதில் சொல்லிற்று. நான்காம் பத்தில் அம்மா சட்டென்று நிறுத்தி, "பால் பொங்குது, போய் இறக்கு" என்கிறார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். பால் இறக்க எழுந்து சென்றவர் அக்காதான். மருமகன் எண்ணிப் பார்த்தான். அந்தப் பத்தில் பிரியதத்தம் பதினொன்று இருந்தது!

பதிவு முடிந்ததும் எங்களுக்குள் ஒரு வாதம் எழுந்தது. "மாமா, இந்த இரைச்சலை நீக்கிவிடலாம். பால் பேச்சையும் வெட்டிவிட்டால் எல்லாருக்கும் அனுப்ப நன்றாக இருக்கும்" என்றான். யாரும் பேசாத இடத்திலிருந்து இரைச்சலின் மாதிரியை எடுத்துக்கொண்டு, பதிவு முழுவதிலும் அதைக் கழிக்கும் மென்பொருள் உண்டு. ஒரு படியில் செய்து காட்டினான். மழை ஓய்ந்தாற்போல் அமைதி வந்தது. ஆனால் திரித்துவப் புகழ் வந்தபோது இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 'இஸ்பிரீத்து சாந்து' என்பதன் ஸகரமும் சகரமும் மழுங்கி, நீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டன. நாடாவின் இரைச்சல் மேலோங்கி நிற்பது உயர்ந்த அதிர்வுகளில். அவ்வெழுத்துகளின் கூர்மையும் அங்கேதான் இருக்கிறது. இரைச்சலோடு மென்பொருள் அதையும் அள்ளிச் சென்றிருந்தது. செபமணிகள் ஒன்றோடொன்று உரசும் மெல்லிய ஓசையையும் காணவில்லை.

மருமகன் மறுபேச்சின்றி அந்தப் படியை அழித்தான். இரைச்சலும் பாலும் பதினொன்றும் உள்ள பதிவையே மூன்று இடங்களில் சேமித்து, ஒன்றைத் தன் தாய்க்கு எடுத்துச் சென்றான். அந்தப் பக்கம் முப்பது நிமிடம்தான் ஓடும். ஆதலால் தேவமாதாவின் பிரார்த்தனை பாதியில் அறுந்து நிற்கிறது. மாலைதோறும் ஒலி நின்றதும், எஞ்சிய பிரார்த்தனையை அக்கா பழைய சொற்களிலேயே சொல்லி முடிப்பதாகச் சென்ற வாரம் தொலைபேசியில் கூறினான்.