எண்ணெய்க் கிணறு... சோப்புக் கோபுரம்!

திருநெல்வேலின்னா அல்வா, மணப்பாறைன்னா முறுக்கு. பாலஸ்தீனத்துல நாப்லஸ் நகரம்னா ரெண்டு ஐட்டம். ஒண்ணு, பாலாடைக்கட்டி வெச்சு மேல சர்க்கரைப் பாகு ஊத்தித் தர்ற ‘குனாஃபா’. இன்னொண்ணு... சோப்பு!

ஜெருசலேமுக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டர். கெரிசிம், ஏபால்னு ரெண்டு மலைக்கு நடுவுல படுத்திருக்கிற ஊர். ரோமானியர்கள் ‘நியாபொலிஸ்’னு (புதிய நகரம்னு அர்த்தம்) வெச்ச பேரு, அரபு நாக்குல உருண்டு நாப்லஸ் ஆயிடுச்சு. சுத்துவட்டாரம் முழுக்க ஆலிவ் மரங்கள். எண்ணெய் பொங்குற ஊர்ல சோப்பு பொறந்ததுல ஆச்சரியம் இல்லை. அதுக்கு அவங்க முன்கூட்டியே தயாரான விதம் இருக்கே, அங்கதான் மேட்டர்! லீவு நாள்ல வீட்டு மொட்டை மாடியில ஹேண்ட்மேட் சோப் செஞ்சு பாக்கெட் மணி தேத்துற பார்ட்டிகள், கொஞ்சம் காதைக் கொடுங்க.

நாப்லஸோட பழைய சோப்பு ஆலையைக் கீழே இருந்து மேலே பார்க்கணும். தரைக்கு அடியில கிணறுகள். தண்ணிக்கு இல்லை பாஸ், ஆலிவ் எண்ணெய்க்கு! சீசன்ல வர்ற எண்ணெயை அதுல ஊத்தி சேமிச்சு வெச்சுடுவாங்க. தரைத்தளத்துல ராட்சச செப்புக் கொப்பரை. பக்கத்துல வரிசையா தொட்டிகள்.

எண்ணெயை சோப்பா மாத்த காரம் வேணும். அந்தக் காலத்துல காஸ்டிக் சோடா டப்பாவுக்கு எங்கே போறது? ஜோர்டான் நதிக்குக் கிழக்கே பெதூயின் மக்கள் ஒரு வகை உவர்ச் செடியை எரிச்சு, சாம்பலை ஒட்டகங்கள்ல ஏத்திக் கொண்டு வருவாங்க. அதுக்குப் பேரு ‘கில்வ்’. அதை இடிச்சுப் பொடியாக்கி, சுண்ணாம்போட கலந்து தொட்டியில போட்டு, வெந்நீர் ஊத்துவாங்க. தண்ணி காரத்தை இழுத்துக்கிட்டு கீழ்த்தொட்டிக்கு சொட்டும். வேணுங்கிற ‘ஸ்ட்ராங்’ வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப இதே வேலை. அப்புறம்தான் அது எண்ணெயோட சேரும். ஒரு தடவை அடுப்பு மூட்டினா சுமார் 5 டன் எண்ணெய், எட்டு நாள் காய்ச்சல்!

கவனிச்சீங்களா? எண்ணெய் ஏற்கெனவே கிணத்துல இருக்கு. சாம்பல் மூட்டை ஏற்கெனவே வந்தாச்சு. அடுப்பு மூட்டின பிறகு ‘ஐயோ, அது தீர்ந்துபோச்சே’ன்னு யாரும் கடைக்கு ஓடலை.

இதையே நம்ம சைஸுக்குச் சுருக்கலாம். வீட்டுல சோப்பு செய்யறவங்களுக்கு நேரம் தின்கிறது கலக்குற வேலை இல்லை. ஒவ்வொரு தடவையும் எண்ணெயை எடை போடணும், உறைஞ்சதை உருக்கணும், காஸ்டிக் கரைசல் ஆறுற வரைக்கும் தேவுடு காக்கணும். பத்து தடவை செய்ய வேண்டிய இந்த வேலையை ஒரே தடவையில முடிச்சுட்டா?

கணக்கு இதோ. 700 கிராம் ஆலிவ் எண்ணெய், 300 கிராம் தேங்காய் எண்ணெய். இந்த ஒரு கிலோவை முழுசா சோப்பாக்க சுமார் 149 கிராம் காஸ்டிக் சோடா தேவை. சருமத்துக்கு இதமா இருக்க, 5 சதவிகிதம் குறைச்சுக்கிட்டா 141 கிராம். பத்து தடவைக்கு 10 கிலோ எண்ணெயை மொத்தமா கலந்து வெச்சுக்கலாம். 1,410 கிராம் காஸ்டிக் சோடாவை அதே எடை தண்ணியில கரைச்சு வெச்சுக்கலாம். செய்யற அன்னிக்கு ஒரு கிலோ எண்ணெய், 282 கிராம் கரைசல், கூட 140 கிராம் தண்ணி. எடை போடு, கலக்கு, அச்சுல ஊத்து. அவ்வளவுதான்!

ஆனா, ரெண்டு இடத்துல உஷாரா இருக்கணும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில கேனோட மேல்பக்கம் மட்டும் மொண்டா, கலவை விகிதமே மாறிடும். விகிதம் மாறினா காரக் கணக்கும் தப்பும், சோப்பு தோலை அரிக்கும். முழுசா உருக்கி, நல்லா கலக்கி, அப்புறம் எடுங்க.

அடுத்தது, காஸ்டிக் சோடா. அது விளையாட்டுச் சாமான் இல்லை. கண்ணாடி, கையுறை கட்டாயம். தண்ணியில சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமா போடணும். சோடா மேல தண்ணியை ஊத்தவே கூடாது. கொதிக்கிற அளவுக்கு சூடேறும், அதனால காத்தோட்டமான இடத்துல செய்யுங்க. அலுமினியப் பாத்திரம் பக்கமே போகாதீங்க, அரிச்சு ஹைட்ரஜனைக் கிளப்பும். ஆறினதும் கெட்டியான பிளாஸ்டிக் கேன்ல ஊத்தி, இறுக்கி மூடி, பெரிய எழுத்துல பேரும் தேதியும் எழுதி, பூட்டி வைங்க. கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல ஊத்தி வைக்கவே வைக்காதீங்க. வீட்டுல குட்டிப் பசங்க இருப்பாங்க. மேல பட்டா உடனே நிறைய தண்ணி விட்டுக் கழுவணும், கண்ணுல பட்டா கழுவிக்கிட்டே டாக்டர்கிட்ட ஓடணும்.

சரி, மறுபடியும் நாப்லஸ். மாடிக்கு ஏறுவோம். கொப்பரையில வெந்த சோப்பை வாளி வாளியா சுமந்து வந்து தரை முழுக்கப் பரப்புவாங்க. இறுகினதும் சாயம் தோய்ச்ச நூலால கோடு போட்டு, கத்தியால நடந்துக்கிட்டே வெட்டுவாங்க. ஒவ்வொரு கட்டிக்கும் கையால முத்திரை. 1872-ல் தொடங்கின தூக்கான் ஆலையோட முத்திரை, ரெண்டு சாவி. பிறகு சோப்புகளை இடைவெளி விட்டு வட்டமா அடுக்கி, ஆளுயரத்துக்கும் மேல கோபுரமா எழுப்புவாங்க. நடுவுல காலி, காத்து புகுந்து வரும். வாரக்கணக்கா, சில சமயம் மாசக்கணக்கா அப்படியே காயும். எதை வேணா முன்கூட்டியே தயார் பண்ணலாம், இந்தக் காத்திருப்பை மட்டும் சுருக்க முடியாது. மொட்டை மாடி சோப்புக்கும் நாலுலேர்ந்து ஆறு வாரம் உண்டு.

1907-ல் இந்த ஊர்ல 30 ஆலைகள் இருந்துச்சு. 1927-ல் பூகம்பம் பழைய நகரத்தை உலுக்கியது. மெஷின் சோப்புகள் மலிவா வந்து குவிஞ்சது. 2002 ஏப்ரல்ல இஸ்ரேல் ராணுவ நடவடிக்கையின்போது பழைய நகரத்துல சோப்பு ஆலைகளும் இடிஞ்சு விழுந்தன. மிச்சம் இருக்கிற ஆலைகளை விரல் விட்டு எண்ணிடலாம். 2024-ல் யுனெஸ்கோ, நாப்லஸ் சோப்புத் தயாரிப்பு மரபை மனித குலத்தின் பண்பாட்டுப் பட்டியல்ல சேர்த்தது. சேர்த்தது கட்டடத்தை இல்லை, தொழிலை!

எண்ணெயைக் கிணத்துல சேமிக்கலாம். காரத்தைக் கேன்ல சேமிக்கலாம். நடந்துக்கிட்டே நேர்கோடா வெட்டுற அந்தக் கை இருக்கே, அதைச் சேமிக்க ஒரே வழிதான்... பக்கத்துல நின்னு ஒரு சின்னப் பையன் கத்துக்கணும்!