வயரில் 94, காற்றில் 9

போன மாதம் முழுவதும் இந்தப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. இரண்டு நண்பர்கள் போன் செய்து, "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டார்கள். எனக்கு ஒன்றுமில்லை. எங்கள் வீட்டு வைஃபைக்குத்தான் உடம்பு சரியில்லாமல் இருந்தது. வைத்தியம் பார்த்த கதையை எழுதிவிடுகிறேன். உங்களில் பலர் வீட்டிலும் இதே சீக்கு இருக்கலாம்.

என் மனைவிக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள், இரண்டு மாதம் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு கும்பகோணம் வந்தாள். எங்களுடையது என் தாத்தா கட்டிய வீடு. ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு என்று ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். அம்மா படுத்திருக்கும் இரண்டாம் கட்டிலேயே ஒரு மேஜை போட்டு மகள் ஆபீஸ் திறந்தாள். ரௌட்டர் இருப்பதோ வாசல் பக்கம், ரேழியில்.

முதல் நாளே தகராறு. மீட்டிங்கில் இவள் பேசிக்கொண்டே இருப்பாள், அந்தப் பக்கம் படம் உறைந்து நிற்கும். ஒரு நேரம் நன்றாக இருக்கும், ஒரு நேரம் சுத்தமாகப் படுத்துவிடும். நாலாம் நாள் அவளுடைய மேலதிகாரி, "இப்படியே போனால் நீங்கள் ஆபீஸுக்கு வந்துவிடுவதுதான் நல்லது" என்று நயமாகச் சொல்லிவிட்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்த என் மனைவி காதில் அது விழுந்துவிட்டது. அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை. காரணம் கேட்டதற்கு, "மாத்திரை கசக்குது" என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. 1978-ல் தபால் தந்தி இலாகாவில் சேர்ந்தவன் நான். 1985-ல் தபால் தனி, தொலைபேசி தனி என்று பிரித்த பிறகு தொலைபேசிப் பக்கமே இருந்து 2016-ல் ஓய்வு பெற்றேன். ஊர் பூரா போன் கோளாறு சரி செய்தவன் வீட்டில் மகள் பேச்சு அறுந்து போகிறதா? இணைப்பு கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

மறுநாள் ஒரு பையன் வந்தான். ஆரம்பத்தில் இணைப்பு போட வந்தவனும் இவன்தான். மகளின் லேப்டாப்பை ரேழிக்குக் கொண்டுவரச் சொல்லி, ரௌட்டரில் ஒரு வயரை நேராகச் செருகி வேகம் பார்த்தான். 94 எம்.பி.பி.எஸ். என்று காட்டியது. (எம்.பி.பி.எஸ். என்றால் டாக்டர் படிப்பு மட்டுமில்லை என்பதை என் மனைவிக்கு அன்றுதான் விளக்கினேன்.) எங்களுடையது 100 திட்டம். அதில் 94 வந்தால் கிட்டத்தட்ட முழுசாக வருகிறது என்றே அர்த்தம். அனுப்பும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் மேலும் விலாசம் மாதிரி சில விவரங்களை ஒட்டி அனுப்ப வேண்டும். மீதி வேகம் அதற்குச் செலவாகிவிடும்.

"வயர்ல 94 வருது சார். எங்க சைடு ஓகே. வீட்டுக்குள்ளதான் ஏதோ..." என்று இழுத்தான்.

"38 வருஷம் சர்வீஸ் போட்டவன்கிட்ட கதை விடாதே தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பையன் முகம் சுண்டிப் போயிற்று.

பிறகு யாரோ சொன்னார்கள் என்று ரிப்பீட்டர் ஒன்று வாங்கி இரண்டாம் கட்டில் மாட்டினேன். போனில் நாலு கோடும் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் வேகம் ஏறவில்லை. காரணம் பிறகுதான் உறைத்தது. ரிப்பீட்டர் தனக்கு என்ன கேட்கிறதோ அதைத்தான் திருப்பிச் சொல்லும். அது நின்ற இடத்திலேயே ரௌட்டரின் குரல் அரைகுறையாகத்தான் கேட்டது. அந்த அரைகுறையை உரக்கச் சொன்னதால்தான் நாலு கோடு. போதாததற்கு, ஒரே அலைவரிசையில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொல்லும் ரகமாக இருந்தால் பாதி நேரம் கேட்பதற்கே போய்விடும்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தப் பையன் சொன்ன வார்த்தை மண்டையைக் குடைந்தது. 'எங்க சைடு ஓகே.' இதை எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று யோசித்தால், அது நான் சொன்ன வார்த்தை! சர்வீஸ் முழுக்க ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் வீட்டுப் போன், மழை பெய்தால் கரகரக்கும். 198-க்குப் புகார் வரும். நான் சைக்கிளில் போய், தெருவில் இருக்கும் டி.பி. பெட்டியில் லைனைப் பிரித்து டெஸ்ட் போன் போட்டுப் பார்ப்பேன். சுத்தமாகக் கேட்கும். "எங்க பக்கம் ஓகே டீச்சர், உங்க வீட்டு வயரிங்தான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். மூன்றாவது தடவை அந்த அம்மாள் கேட்டார்: "உங்க பக்கம் சரி, என் பக்கம் தப்பு. வெள்ளிக்கிழமை துபாய்லேர்ந்து எம்புள்ள பேசுறது காதுல விழலையே, அது எந்தப் பக்கம் தம்பி?"

பதில் சொல்ல முடியவில்லை. உள்ளே போய் வயரை அடி அடியாகத் தடவிக்கொண்டே வந்தேன். முற்றத்துச் சுவரில், ஓதம் காத்த இடத்தில், டேப் சுற்றிய ஒரு பழைய ஜாயிண்ட் இருந்தது. வெட்டிப் போட்டுவிட்டுப் புது வயர் இழுத்தேன். பத்து நிமிஷ வேலை.

டி.பி.யில் பிரித்துப் பார்த்தது தப்பில்லை. எந்தக் கோளாறுக்கும் முதல் வேலை அதுதான்: லைனை இரண்டாகப் பிரி, எந்தப் பாதியில் நோய் என்று பார். வயரில் 94 என்று பையன் காட்டியதும் அதேதான். வாசல் வரை நோய் இல்லை, அதற்கு உள்ளேதான் என்று அவன் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். மீதிப் பாதியைப் பார்க்காமல் நான் குதித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் ஒரு பழைய டைரியை எடுத்துக் கட்டம் போட்டேன். நேரம், இடம், வயரா காற்றா, வேகம். மூன்று நாள் எழுதினேன். வயரில் எந்த நேரமும் 93, 94. காற்றில் ரேழியில் காலை 70, ராத்திரி 40. கூடத்தில் 35. இரண்டாம் கட்டில் 9. காலை 11 மணி சுமாருக்கு மட்டும் இரண்டாம் கட்டில் 2, சில சமயம் அதுவும் இல்லை.

எழுதிப் பார்த்த பிறகு கோளாறு ஒன்றல்ல, நாலு என்று தெரிந்தது.

முதலாவது சுவர். ஒன்றரைச் செங்கல் கனத்தில் மூன்று சுவர் தாண்டி அலை வர வேண்டும். அது மட்டுமா? ரௌட்டர் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைக்கச் சொன்னவன் நான். "வெளியில வெச்சா நல்லது சார்" என்று அந்தப் பையன் அன்றைக்கே சொன்னான். இரும்பு அலையைத் திருப்பி அடிக்கும். பெரிய நிலைக்கண்ணாடியின் ரசப் பூச்சும் அப்படித்தான்.

இரண்டாவது அலைவரிசை. இந்த ரௌட்டர்கள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டில் பேசும். 5 வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 தூரம் போகும், வேகம் குறைவு. நாங்கள் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்ததால் போன் தன் இஷ்டத்துக்கு ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் கட்டில் 2.4-ஐப் பிடித்த போன், ரேழிக்கு வந்த பிறகும் அதை விடாது. ஒரே இடத்தில் ஒரு தடவை 70, ஒரு தடவை 20 என்று காட்டிய மர்மம் இதுதான்.

மூன்றாவது நெரிசல். பக்கத்து மனையில் புதிதாக அடுக்குமாடி வந்திருக்கிறது. எங்கள் கூடத்தில் நின்று போனைப் பார்த்தால் 14 வைஃபை பெயர்கள். 2.4-ல் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். ராத்திரி எல்லா வீட்டிலும் படம் ஓடும்போது ஒருவர் பேசி முடிக்கும் வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். வயரில் போக ஒரு பாதை, வர ஒரு பாதை, அதுவும் நமக்கு மட்டும். காற்றிலோ எல்லாருக்கும் ஒரே மைக்.

நாலாவதுதான் 11 மணி மர்மம். அதைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. "11 மணிக்குத்தானே நீங்க எனக்கு சூப் சூடு பண்ணுவீங்க?" என்றாள். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் 2.4 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டித்தான். அதிலிருந்து கசிவது உடம்பைக் கெடுக்கிற அளவு இல்லை, ஆனால் வைஃபையின் பேச்சைக் கெடுக்கப் போதும். அடுப்படி எங்கள் வீட்டில் கூடத்துக்கும் இரண்டாம் கட்டுக்கும் நடுவில். மகளின் தினசரி மீட்டிங் 11 மணிக்கு. பீரோவுக்குப் பின்னால் வைத்தவனும் நான், பொத்தானை அமுக்கியவனும் நான்.

அந்தப் பையனுக்குப் போன் செய்தேன். கம்பெனிக்கு இல்லை, அவனுக்கு. "தம்பி, நீ சொன்னது சரிதான். வீட்டுக்குள்ளதான் கோளாறு. நான் பேசினதை மனசுல வெச்சுக்காதே" என்றேன். இரண்டு விநாடி சத்தம் இல்லை. பிறகு, "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு சார். வந்து பாக்கிறேன்" என்றான்.

வந்தான். ரௌட்டரை பீரோவின் பின்னாலிருந்து எடுத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் மாட்டினான். இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்தான். 2.4-ஐ நெரிசல் குறைந்த சேனலுக்கு மாற்றினான். ரேழியிலிருந்து இரண்டாம் கட்டு வரை 25 மீட்டர் கேபிளை உத்தரத்தை ஒட்டி இழுத்தோம். இந்த மாதிரி கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், அதனால் கவலையில்லை. ஏணி மேல் அவன், கீழே கிளிப் எடுத்துக் கொடுக்கும் உதவியாள் நான். மகளின் லேப்டாப்புக்கு நேரடி வயர். பரணில் கிடந்த பழைய ரௌட்டரையும் அதே கேபிளில் சேர்த்து இரண்டாம் கட்டுக்குத் தனி வைஃபை ஆக்கிக் கொடுத்தான். ரிப்பீட்டர் பரணுக்குப் போயிற்று.

லேப்டாப்பில் 94. மகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பணம் கொடுத்ததற்குக் கேபிள் காசு மட்டும் எடுத்துக்கொண்டு, "அம்மா சூப் ஒரு டம்ளர் கொடுத்தா போதும்" என்றான்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வேகம் குறைந்தால் முதலில் வயரைச் செருகிப் பாருங்கள். வயரிலும் குறைவென்றால் கம்பெனியைக் கேளுங்கள். வயரில் சரியாக இருந்தால் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதை எழுதி வையுங்கள். அசையாத பெட்டிகளுக்கு, அதாவது டி.வி., மேஜைக் கம்ப்யூட்டர் போன்றவற்றுக்கு, முடிந்தால் வயரே கொடுங்கள். வந்த பையனிடம் உங்கள் சர்வீஸ் கணக்கைச் சொல்லாதீர்கள்.

மகள் இரண்டு மாதமும் இருந்துவிட்டுப் போன வாரம்தான் ஊருக்குப் போனாள். என் மனைவி இப்போது கைத்தடியோடு இரண்டாம் கட்டிலிருந்து ரேழி வரை நடக்கிறாள். நேற்று மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டே நடந்தாள். ரேழிக்கு வந்து திரும்பும் வரை ஒரு இடத்திலும் அறுந்து போகவில்லை.