சொந்தக்காரர் வீடு இருக்கும்போது ஓட்டல் எதற்கு?

திருநெல்வேலிப் பக்கத்தில் ஒருவர் சென்னைக்குப் போகிறார் என்றால், அடுத்த கேள்வி "யாரு வீட்ல தங்குதிய?" என்பதாகத்தான் இருக்கும். ஓட்டலில் ரூம் போட்டிருக்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள், கேட்டவர் முகம் மாறிவிடும். அங்கே இருக்கும் அண்ணன் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை போல என்று அவராகவே முடிவு கட்டிவிடுவார். ஜங்ஷன் பக்கத்து லாட்ஜ் எல்லாம் கல்யாணத்துக்கு வரும் மாப்பிள்ளை வீட்டாருக்கும், பையைத் தூக்கிக்கொண்டு அலையும் மருந்துக் கம்பெனி ஆட்களுக்கும்தான். புருஷனும் பெண்டாட்டியும் சொந்தபந்தம் உள்ள ஊரில் போய் ரூம் எடுப்பதாவது!

சென்னைக்கே இப்படி என்றால் சிங்கப்பூருக்கு?

பாளையங்கோட்டையில் ஒரு தம்பதி. அவர் அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமாகி 34 வருஷம். அவருடைய அக்கா மகன் சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் குடும்பத்தோடு இருக்கிறான். ஐந்து இரவுப் பயணத்துக்குத் திருவனந்தபுரத்திலிருந்து டிக்கெட் போட்டாயிற்று. அப்போதுதான் அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "மொத மூணு நாள் ஓட்டல்ல இருப்போம். பொறவு அவன் வீட்டுக்குப் போவோம்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. செய்தி அக்காவுக்கு எப்படியோ போய்ச் சேர்ந்தது. அன்று ராத்திரியே போன். "எம் மவன் வீடு ஒனக்குச் சின்னதாப் போச்சோ, தம்பி?"

உண்மையில் வீடு சின்னதுதான். சிங்கப்பூரில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில்தான் இருக்கிறார்கள். நான்கு அறை வீடு என்பார்கள், அதில் ஹாலும் ஓர் அறைக் கணக்கு. படுக்கையறை மூன்று. எல்லாம் சேர்த்துச் சுமார் 90 சதுர மீட்டர். விருந்தாளி வந்தால் பிள்ளைகள் ஹாலில் படுக்க வேண்டும். மருமகனும் அவன் மனைவியும் இரண்டு பேருமே வேலைக்குப் போகிறவர்கள். காலையில் ஏழு மணிக்கு வீடு காலி.

ஆனால் அந்த அம்மா ஓட்டல் கேட்டதற்குக் காரணம் வீட்டின் அளவு இல்லை. இந்த 34 வருஷத்தில் அவர் போகாத ஊர் இல்லை. மெட்ராஸ், மதுரை, பெங்களூர், திருச்செந்தூர், குற்றாலம். எங்கே போனாலும் யாராவது ஒருவர் வீடு. விடிகாலையில் அந்த வீட்டு அம்மா எழுந்து அடுப்படிக்குப் போகும்போது இவரால் படுத்துக்கிடக்க முடியாது. போய் வெங்காயம் உரிக்க வேண்டும். இட்லி ஊற்ற வேண்டும். "நீங்க சும்மா இருங்க" என்று சொல்வார்கள். சும்மா இருந்தால் பிறகு பேசுவார்கள். கணவரிடம் அவர் சொன்னது ஒரே வரிதான்: "ஒங்களுக்கு அது விருந்து. எனக்கு அதுவும் அடுப்படிதான்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. கணக்கு மட்டும் போட்டார். ஓட்டல் விலை ஓர் இரவுக்கு 150 வெள்ளி என்று போட்டிருந்தது. (அங்கே நம்மவர்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள்.) அதன் மேல் சேவைக் கட்டணம் 10 சதவீதம், அந்தக் கூட்டுத் தொகைக்கு மேல் ஜிஎஸ்டி 9 சதவீதம். ஆக ஏறத்தாழ 180 வெள்ளி. மூன்று இரவுக்கு 540. நம்மூர்ப் பணத்தில் 35,000 ரூபாய்க்கு மேல். ஜன்னல் இல்லாத அறை என்றால் குறையும். சிங்கப்பூரில் அப்படியும் அறைகள் உண்டு. அந்த அம்மா ஜன்னல் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஓட்டல் இருந்தது தஞ்சோங் பகாரில், ஊரின் நடுமத்தியில். பழைய கடைவீடு ஒன்றை ஓட்டலாக மாற்றியிருந்தார்கள். காலையிலேயே போய் இறங்கினால், மதியம் 3 மணிக்குத்தான் அறை என்றார்கள். நம்மூர் லாட்ஜில் காலை 8 மணிக்கு நுழைந்தால் மறுநாள் காலை 8 மணி வரை நமக்கு. அங்கே 3 மணிக்கு நுழைந்து நான்காம் நாள் 11 மணிக்கு வெளியேற வேண்டும். "ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் முழுங்கிட்டான்" என்று அவர் புலம்பிக்கொண்டே பெட்டியை அவர்களிடம் ஒப்படைத்தார். இரண்டு பேரும் நடந்தே சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்குப் போனார்கள். 1827-ல் ஏற்பட்ட கோயில். சிங்கப்பூரின் இந்துக் கோயில்களில் அதுதான் மூத்தது.

இந்தத் தஞ்சோங் பகாருக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. கடையநல்லூர் முஸ்லிம்கள் போன நூற்றாண்டில் வந்து குடியேறிய இடங்களில் இது முக்கியமானது. கடையநல்லூர்க் கருப்பாநதித் தண்ணீரும் சிற்றாறு வழியாகத் தாமிரபரணியில்தான் போய்ச் சேர்கிறது. அந்தக் காலத்தில் சிங்கப்பூர் வந்த தமிழர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்து கூட்டமாக ஒரு கூரையின் கீழ்ப் படுத்தவர்கள். கடையநல்லூர்க்காரர்களோ மனைவி மக்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வந்த பெண்கள் இங்கேயும் சும்மா இருக்கவில்லை. அம்மியில் மசாலா அரைத்து வீடு வீடாகக் கொடுத்துச் சம்பாதித்தார்கள். பிள்ளைகள் படிக்க 1946-ல் இங்கே ஒரு தமிழ்ப் பள்ளியும் தொடங்கினார்கள். எட்டயபுரம் அரசவைப் புலவராக இருந்த உமறுப் புலவரின் பெயர் அதற்கு.

அதே வட்டாரத்தில், மாடியறை ஜன்னல் ஓரத்தில், எதுவும் அரைக்காமல் ஒரு தாமிரபரணிக்கரைப் பெண் மூன்று நாள் இருந்தார். எதிரே 50 மாடிக் குடியிருப்பு. கீழே டிராபிக் சத்தம். முதல் நாள் காலையில் அவர் கண் விழித்தபோது மணி எட்டேகால்! அறையில் மின்சாரக் கெட்டிலும் காப்பித்தூள் பாக்கெட்டும் வைத்திருந்தார்கள். 34 வருஷமாக அடுப்பைப் பற்ற வைத்து அறியாத மனிதர், கெட்டிலுக்கு எந்தப் பொத்தான் என்று தேடிக் கண்டுபிடித்துக் காப்பி போட்டுக்கொண்டிருந்தார். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பதை நம்பாமல் முந்தின நாள் ராத்திரி வாங்கிய பாட்டில் தண்ணீரில். சீனி அதிகம். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

நான்காம் நாள் மருமகன் வீட்டுக்குப் போனார்கள். கையில் அல்வாவும் கருப்பட்டி மிட்டாயும். இரண்டே ராத்திரி என்பதால் பிள்ளைகள் ஹாலில் படுப்பதைத் திருவிழா மாதிரிக் கொண்டாடினார்கள். மருமகன் மனைவி ஒரு நாள்தான் லீவு போட வேண்டியிருந்தது. கிளம்பும்போது அந்தப் பெண் சொன்னது: "அத்தை, அடுத்த தடவையும் இப்படியே வாங்க." அதில் குத்தல் எதுவும் இல்லை. நிம்மதிதான் இருந்தது.

விருந்தோம்பல் நம் பெருமைதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அந்தப் பெருமைக்கான செலவை இரண்டு வீட்டுப் பெண்களும் பாதிப் பாதியாகக் கட்டுகிறார்கள். ரசீது கிடையாது, அதனால் ஆண்களின் கணக்கில் அது வருவதே இல்லை. 540 வெள்ளிக்கு மட்டும் ரசீது உண்டு. அதனால் அது ஆடம்பரம் என்று தெரிகிறது.

ஊர் திரும்பிய பிறகு அக்கா பத்து நாள் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் தானாகவே போன் செய்தார், தம்பிக்கு இல்லை, தம்பி மனைவிக்கு. கோயில், கடை எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியாகக் கேட்டார்.

"ரூம்ல காலைல காப்பி யாரு போட்டுத் தருவா?"

"அவியதான் போட்டாவ, மைனி."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அக்கா கேட்டார்: "ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு சொன்ன?"