முழங்கையும் தட்டும்

முத்துப்பேட்டைக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கிற கடைமடையில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு இறால் குட்டை. தண்ணீருக்குள் வெளிச்சம் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்க்க அப்பாவிடம் இருந்த ஒரே கருவி அவருடைய வலது கை. முழங்கை வரை உள்ளே விடுவார். உள்ளங்கை பளிச்சென்று தெரிந்தால் நுண்பாசி போதாது. பாதியிலேயே கை மறைந்தால் அதிகம். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரு முழம், ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். கை ஒன்றும் மட்டமான கருவி இல்லை. ஆனால், முந்தாநாள் எவ்வளவு இருந்தது என்று கை எழுதி வைப்பதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு கோடையில், தண்ணீர் நாளுக்கு நாள் பச்சை ஏறியது. "நல்லா நிறம் பிடிச்சிருக்கு" என்று தீவனத்தையும் கூட்டினார். ஒருநாள் முழுக்க மப்பு. மறுநாள் விடியுமுன் இறால்கள் கரையோரம் மேலே வந்து திணறின. பகலில் பிராணவாயு கொடுக்கிற அதே பாசி, ராத்திரியில் இறாலோடு சேர்ந்து அதை இழுத்துக்கொள்ளும். வெயில் இல்லாத நாளில் சேமிப்பும் குறைவு. 70 நாள் வளர்ப்பில் முக்கால்வாசி போயிற்று. அந்த நகைக்கடன் இன்னும் முடியவில்லை.

அதன் பிறகுதான் மகள் செக்கி தட்டு செய்தாள். 1865-ல் இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்செலோ செக்கி, மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்த்த முறை அது. மகளுடையது 20 சென்டிமீட்டர் தகரவட்டம். நாலு கால்வட்டமாகப் பிரித்து, கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி பெயின்ட். குட்டை ஆழம் குறைவு என்பதால் கயிற்றுக்குப் பதில், அளவு குறித்த குச்சி. காலை 10 மணிக்கு மேல், சூரியன் முதுகுப்பக்கம் இருக்க, பலகையில் நின்று மெதுவாக இறக்குவாள். தட்டு மறைகிற இடம் ஒன்று, தூக்கும்போது மறுபடி தெரிகிற இடம் ஒன்று, இரண்டுக்கும் சராசரி. 30-லிருந்து 40 சென்டிமீட்டர் என்றால் நிம்மதி. 25-க்குக் கீழே போனால் தீவனத்தைக் குறைத்து, ராத்திரி ஏரேட்டரைக் கூடுதலாக ஓட்டி, கொஞ்சம் தண்ணீர் மாற்றுவார்கள்.

அப்பா முதலில் சிரித்தார். "தட்டைக் கேட்டா இறால் வளக்கணும்?"

போன வருஷம் ஒரு மழைக்குப் பிறகு தட்டு 22 காட்டியது. முதல்நாள் 36. மகள் பதறிப்போய் வாய்க்கால் மதகைத் திறக்க ஓடினாள்.

"நில்லு ஆயி. அது பாசி இல்ல, சேறு. வாய்க்காலப் பாத்தியா? இதவிடக் கலங்கல்."

தட்டுக்கு வெளிச்சத்தை மறைப்பது எதுவென்று தெரியாது. எவ்வளவு மறைகிறது என்பது மட்டும்தான் தெரியும். கடைமடையில் இதுதான் சிக்கல்: மழைக்குப் பிறகு ஆறு கொண்டுவருகிற வண்டலும், கரைந்து இறங்குகிற கரைமண்ணும் பாசி மாதிரியே தட்டை மறைத்துவிடும். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் மொண்டு, ராத்திரி முழுக்க ஆடாமல் வைத்தார்கள். காலையில் அடியில் மண், மேலே தெளிவு. பாசி என்றால் பச்சை அப்படியே நின்றிருக்கும். மதகு திறக்கவில்லை. சேற்று நீரில் பாசிக்கும் வெயில் கிடைக்காது என்பதால் ஏரேட்டரை மட்டும் நிறுத்தவில்லை. டீசல் செலவு கையைக் கடித்தது. ஆறு நாளில் தட்டு 33-க்கு வந்தது.

இப்போது நோட்டில் மூன்று பத்தி: தேதி, அளவு, நிறம். மூன்றாவதை அப்பா சொல்ல மகள் எழுதுகிறாள். ஒரு தேதிக்கு நேரே "மோர்க்குழம்பு" என்று இருக்கிறது.